வெளிநாட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்?

கேள்வி இது: தூதரக அதிகாரிகளாகவும் தன்னார்வலர்களாகவும் வெளிநாட்டில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர்கள், அந்த நாட்களைத் திரும்பிப் பார்க்கும்போது என்ன சொல்கிறார்கள்? ஒருவர் அரசாங்கத்தின் ஆள், இன்னொருவர் தானாகக் கிளம்பிப் போனவர். இருவருடைய அனுபவத்துக்கும் பொதுவாக ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அதற்கு முன் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இளம் வயதில் இரண்டு வருடம் வேறொரு நாட்டின் கிராமப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியராக இருந்தவன் நான். திரும்பிய பிறகு, என்னைப் போலப் போய் வந்தவர்கள் சொன்னதையெல்லாம் தேடிப் படிக்கும் பழக்கம் வந்தது. அது மெல்ல மெல்லத் தூதரக அதிகாரிகளின் நினைவுப் பதிவுகள் பக்கம் போய், இன்று வரை விடவில்லை. நான் படித்த வரையில், வாழும் விதத்தில் இந்த இரண்டு கூட்டத்தாரும் எதிரெதிர். ஆனால் வயதான பிறகு பேச உட்கார்ந்தால், தாங்கள் அங்கே சாதித்ததைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டு, தங்களுக்கு அங்கே வேலை சொல்லிக்கொடுத்தவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இதில் ஆர்வம் உள்ளவர்கள் தூதர்களின் சுயசரிதைகளை விட வாய்மொழிப் பதிவுகளைப் படிப்பது நல்லது. சார்ல்ஸ் ஸ்டூவர்ட் கென்னடி என்ற ஓய்வுபெற்ற அமெரிக்க அதிகாரி 1980களின் நடுவில் தன் பழைய சகாக்களை உட்காரவைத்துப் பேட்டி எடுக்க ஆரம்பித்தார். இன்று அந்தத் தொகுப்பில் 2,500-க்கும் மேற்பட்ட பேட்டிகள் இருக்கின்றன, யாரும் இலவசமாகப் படிக்கலாம். பிரிட்டனில் கேம்பிரிட்ஜின் சர்ச்சில் கல்லூரியும் இப்படி ஒரு தொகுப்பை வைத்திருக்கிறது. சுயசரிதை எழுதுகிறவர் பெரும்பாலும் உச்சிக்குப் போனவர். எந்த மாநாட்டில் யாரோடு பேசினார் என்பதிலேயே பாதிப் புத்தகம் போய்விடும். பேட்டியில் அது நடக்காது, ஏனென்றால் கேட்பவரும் அதே வேலையைப் பார்த்தவர். இருபத்தைந்து வயதில் விசா கவுன்டரில் உட்கார்ந்த நாள் எப்படி இருந்தது, மேலதிகாரி எப்படிப்பட்டவர், வீட்டில் என்ன நடந்தது என்று துருவிவிடுவார்.

அந்தக் கவுன்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தூதரக வேலை என்றால் விருந்தும் பேச்சுவார்த்தையும்தான் என்று வெளியே ஒரு எண்ணம் இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுப் பணியில் சேர்கிற இளம் அதிகாரி ஆரம்ப வருடங்களில் பெரும்பாலும் விசா, பாஸ்போர்ட், தன் நாட்டு மக்களின் சிக்கல்கள் என்று துணைத் தூதரக வேலையில்தான் இருப்பார். பரபரப்பான இடங்களில் ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட விசா நேர்காணல். ஒருவருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் எதிரே நிற்பவர் உண்மை சொல்கிறாரா என்று முடிவெடுக்க வேண்டும். வருடங்கள் கழித்துப் பேசும்போது, தவறாக மறுத்துவிட்டோமோ என்ற உறுத்தல் பலரிடம் இருக்கிறது. ஒப்பந்த வரைவில் எந்த வரியைத் திருத்தினார் என்பதை மறந்தவருக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு முகம் மறப்பதில்லை.

அப்புறம் சிறைச்சாலை. 1963-ஆம் ஆண்டின் வியன்னா துணைத்தூதரக உறவுகள் ஒப்பந்தத்தில் 36-வது பிரிவு முக்கியமானது. வெளிநாட்டவர் ஒருவர் கைதானால், தன் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்த உரிமை இருக்கிறது என்பதைத் தாமதமின்றி அவரிடம் சொல்லியாக வேண்டும். அதிகாரி போய் அவரைப் பார்க்கலாம். விடுவிக்க முடியாது, வழக்கில் தலையிட முடியாது. பார்க்கலாம், பேசலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம், வீட்டுக்குச் செய்தி சொல்லலாம். கையில் இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டே மாதா மாதம் அந்தக் கம்பிக்கு முன்னால் போய் உட்காருவது கடினமான வேலை. வெளிநாட்டில் இறந்துபோன ஒருவரின் தாய்க்குப் போன் செய்து சொல்வது அதை விடக் கடினம். வெளியுறவுப் பணியின் மனிதத்தன்மை இந்த இடங்களில்தான் தெரிகிறது என்று நான் நம்புகிறேன். மாநாட்டு மேசையில் அதைத் தேடிப் பயனில்லை.

சரி, இந்த அதிகாரி வாழ்வது எப்படி? அவரைச் சுற்றி ஒரு சட்டச் சுவர் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தப்படி தூதரகக் கட்டடத்துக்குள் தூதரகத் தலைவரின் அனுமதி இல்லாமல் உள்ளூர்ப் போலீஸ் நுழைய முடியாது. தூதரக அதிகாரியைக் கைது செய்ய முடியாது. பதிலுக்கு அவர் அந்த நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும், அதன் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது. பிடிக்காவிட்டால் காரணமே சொல்லாமல் அவரை ‘ஏற்கத்தகாத நபர்’ என்று அறிவித்துத் திருப்பி அனுப்பலாம். இந்த ஏற்பாடு இல்லாமல் பகை நாடுகள் ஒன்றோடொன்று பேசவே முடியாது, அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காப்பாற்றுகிற அதே சுவர் ஆளைப் பிரித்தும் வைக்கிறது. காவலர் நிற்கும் குடியிருப்பு, தனிக் கார், அதே ஐம்பது பேரைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும் மாலைகள் என்று மூன்று வருடம் இருந்துவிட்டு, அந்த நாட்டில் யாருடைய வீட்டுச் சமையலறைக்குள்ளும் போனதில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு.

தன்னார்வலருக்கு அந்தச் சுவர் இல்லை. 1961 மார்ச் 1 அன்று அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி ஆணை பிறப்பித்துத் தொடங்கிய, தன் நாட்டவரை மற்ற நாடுகளுக்குத் தன்னார்வலர்களாக அனுப்பும் பீஸ் கோர் அமைப்பைப் பாருங்கள். அதன் தன்னார்வலர்களுக்குப் பொதுவாகத் தூதரக விலக்குரிமை கிடையாது. உள்ளூர்ச் சட்டம் எல்லோருக்கும் போல அவர்களுக்கும்தான். உதவித்தொகை, சுற்றி இருப்பவர்களைப் போல வாழப் போதும் என்ற அளவில். காலம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் பயிற்சி, அந்த நாட்களில் பெரும்பாலும் ஒரு உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கல். 1961 ஆகஸ்ட் இறுதியில் முதல் குழுவினர் கானாவின் அக்ரா விமான நிலையத்தில் இறங்கியபோது, ட்வி மொழியில் ஒரு பாட்டைப் பாடித்தான் வணக்கம் சொன்னார்கள். இறங்கும்போதே கூட்டத்தின் பாஷையில் வாய் திறந்தவர்கள் என்பதால் அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அதே வருடம் அக்டோபரில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நைஜீரியாவின் இபதான் பல்கலைக்கழகத்தில் தங்கியிருந்த ஒரு தன்னார்வலர், அங்கே கண்ட வறுமையையும் வசதிக்குறைவையும் பற்றித் தன் நண்பருக்கு ஒரு தபால் அட்டை எழுதினார். அட்டை வழியில் விழுந்து மாணவர்கள் கையில் கிடைத்துவிட்டது. பிரதி எடுத்து விநியோகித்தார்கள், பெரிய போராட்டமே நடந்தது. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு நாடு திரும்ப வேண்டியதாயிற்று. அந்தப் பெண் கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. வந்த சில நாட்களில் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். நானும் முதல் மாதத்தில் அதே மாதிரிக் கடிதங்களை எழுதினேன், அவை கீழே விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நாம் வீட்டுக்கு எழுதும் வாக்கியத்தை, நம்மோடு சாப்பிட்டவர்கள் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு தடவை யோசித்துவிட்டு எழுதுவது அதற்குப் பிறகு வந்த தலைமுறைகள் கற்ற பாடம்.

தன்னார்வ அமைப்புகளே காலப்போக்கில் மாறியிருக்கின்றன. 1958-ல் அலெக் டிக்சனும் மோரா டிக்சனும் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. (வெளிநாட்டுத் தன்னார்வச் சேவை) முதலில் அனுப்பியது பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளை. பிறகு பட்டதாரிகள், அதற்கும் பிறகு தொழில் தெரிந்தவர்கள். ஜப்பான் 1965-ல் தன் இளைஞர்களை லாவோஸுக்கு அனுப்பி இதே வழியில் நுழைந்தது. 1970-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஐ.நா. தன்னார்வலர் அமைப்பை உருவாக்கியது. நல்ல மனசு மட்டும் போதும் என்று தொடங்கிய ஒரு காரியம், உனக்கு என்ன தெரியும் என்று கேட்கிற இடத்துக்கு வந்திருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பெரும்பாலும் ஆட்களை வரவேற்ற ஊர்க்காரர்கள்.

மொழி விஷயத்தில் இருவருக்கும் உள்ள வித்தியாசம் சுவாரசியமானது. அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிலையம் ஒவ்வொரு மொழிக்கும் எத்தனை வாரம் வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறது. சீனம், அரபு, ஜப்பானியம், கொரியனுக்கு 88 வாரம். தமிழுக்கு 44 வாரம். அவ்வளவு படித்துவிட்டுப் போகிற அதிகாரிக்குப் பட்ஜெட் பற்றியும் எல்லைத் தகராறு பற்றியும் பேச வரும், அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்த வராது. தன்னார்வலருக்கு நேர்மாறு. எனக்குக் கிணறு, காய்ச்சல், மழை, சண்டை எல்லாவற்றுக்கும் அந்த மொழியில் சொல் தெரியும். கல்வித்துறை அதிகாரி ஒருவர் பள்ளிக்கு வந்தபோது அவரிடம் பேச ஒரு மரியாதையான வாக்கியம் கூட வரவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

அன்று எனக்காகப் பேசியவர் எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை. ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் போன இரண்டாவது வாரம் அவர் என்னிடம், “நீ ஏழாவது ஆள்” என்றார். எனக்கு முன் அந்தப் பள்ளிக்கு ஆறு தன்னார்வலர்கள் வந்து போயிருந்தார்கள். ஆறு பேருக்கும் ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுத்ததும், எந்த வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று காட்டியதும், காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் இருந்ததும் அவர்தான். ஒவ்வொருவரும் ஒரு புதுத் திட்டத்தோடு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அது நடக்காது என்று புரிய ஒரு வருடம் ஆனது. அடுத்த வருடம் உருப்படியாக ஏதோ செய்தார்கள். செய்ய ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டார்கள். அவர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது போலச் சொன்னார். நான் உதவ வந்திருக்கிறேன் என்ற நினைப்பு அன்றுதான் எனக்குள் ஆட்டம் கண்டது. என்னைப் பழக்குவது அவருக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலை.

இதே கணக்கு தூதரகத்திலும் ஓடுகிறது. பெரும்பாலான நாடுகள் தங்கள் அதிகாரிகளை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகின்றன. அதிக நாள் இருந்தால் அந்த நாட்டின் கண்ணோட்டத்தையே தன் கண்ணோட்டமாக எடுத்துக்கொள்வார், அனுப்பியவர்களின் நலனை மறந்துவிடுவார் என்ற பயம் ஒரு காரணம். கஷ்டமான இடங்களை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. பீஸ் கோரின் அமெரிக்க ஊழியர்களுக்கும் பொதுவாக ஐந்து வருட வரம்பு உண்டு. காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் அதற்குக் கொடுக்கிற விலை பெரிது. ஆள் பழகி, எந்த அமைச்சகத்தில் யாரைக் கேட்டால் உண்மை கிடைக்கும் என்று தெரிந்துகொள்கிற நேரத்தில் பெட்டி கட்ட வேண்டும். பிறகு அந்த அலுவலகத்தின் நினைவு எங்கே இருக்கிறது? இருபது, முப்பது வருடம் அதே மேசையில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர் ஊழியர்களிடம். புதிய அதிகாரிக்கு யார் யாருடைய மைத்துனர் என்று சொல்வதும், வரப்போகிற கலவரத்தை முதலில் மோப்பம் பிடிப்பதும் அவர்கள். அனுப்பப்படும் அறிக்கையில் கையெழுத்து மட்டும் வேறொருவருடையது.

ஆபத்திலும் அவர்கள் முன்வரிசை. 1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டபோது 224 பேர் இறந்தார்கள். அமெரிக்கர்கள் 12 பேர். நைரோபி தூதரகத்திலேயே வேலை செய்துவந்த கென்யர்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இறந்தார்கள். தெருவில் போனவர்கள், பக்கத்துக் கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லாம் தனி. ஒரு தூதரகத்தைப் பற்றி யாராவது நினைவுகூர்ந்தால், அந்த உள்ளூர் சகாக்களின் பேச்சு அதில் வருகிறதா என்று முதலில் பார்ப்பேன். வராவிட்டால் அந்தப் பதிவு பாதிதான்.

குடும்பத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முடியாது. நீண்ட காலம் தூதரக வாழ்க்கை மனைவியின் சம்பளமில்லாத உழைப்பின் மேல் நின்றது. அமெரிக்காவில் 1972 வரை, மனைவி விருந்தினரை எப்படி உபசரிக்கிறார் என்பது கூடக் கணவனின் பணி மதிப்பீட்டில் எழுதப்பட்டது. அதிகாரியே பெண்ணாக இருந்தால் கதை வேறு: கல்யாணம் ஆனால் வேலையை விட வேண்டும். பிரிட்டனில் அந்தத் தடை 1970களின் தொடக்கம் வரை இருந்தது. இந்தியாவில் 1949-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா, திருமணத்துக்கு அரசின் அனுமதி கேட்க வேண்டும், தேவைப்பட்டால் பதவி விலக வேண்டும் என்ற விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளின் பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். முப்பது வருடம் பணிபுரிந்த ஒருவர் தன் அரசாங்கத்தையே கோர்ட்டுக்கு இழுக்கும் துணிவை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்துத்தான் சமூகவியலாளர் ரூத் யூசீம் ‘மூன்றாம் கலாச்சாரக் குழந்தைகள்’, அதாவது பெற்றோரின் நாட்டுக்கும் வாழ்கிற நாட்டுக்கும் நடுவே வளர்கிறவர்கள், என்ற கருத்துக்கு வந்தார். எந்த ஊர் என்று கேட்டால் அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லச் சில நொடி ஆகும்.

மனசாட்சி என்று வரும்போது தூதரக அதிகாரியின் சுமை அதிகம், ஏனென்றால் அவர் பேசுவது தன் குரலில் அல்ல. 1940-ல் லிதுவேனியாவின் கவுனாஸில் இருந்த ஜப்பானியத் துணைத் தூதர் சியூனே சுகிஹாரா, டோக்கியோ மறுத்தும் யூத அகதிகளுக்கு 2,000-க்கும் மேற்பட்ட விசாக்களைக் கையால் எழுதிக்கொடுத்தார். 1971 ஏப்ரலில் டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், கிழக்குப் பாகிஸ்தான் படுகொலைகளில் தன் அரசு காட்டும் மௌனத்தைக் கண்டித்து 20 அதிகாரிகள் கையெழுத்திட்ட தந்தியை வாஷிங்டனுக்கு அனுப்பினார். அவரை அங்கிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1968-ல் மெக்சிகோவில் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டபோது இந்தியாவில் தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ் பதவியையே விட்டார். இவர்கள் விதிவிலக்குகள். மற்றவர்களின் பதிவுகளில் அதிகம் காண்பது, ஒத்துக்கொள்ளாத ஒரு கொள்கையை மறுநாள் காலை நேரான முகத்தோடு விளக்கியது பற்றிய சங்கடம். தன்னார்வலர் இந்த நெருக்கடியிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகிறார். பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டுக்குப் போவதும் லேசில்லை. வெளிநாட்டுக்குப் போனவரின் தடுமாற்றத்தைக் ‘கலாச்சார அதிர்ச்சி’ என்று 1950களில் பரவலாக்கியவர் மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க். 1963-ல் ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் அந்தக் கருத்தை நீட்டினார்கள்: திரும்பி வந்த பிறகும் அதே மாதிரி ஒரு சரிவு உண்டு. போகும்போது தடுமாறுவோம் என்று தெரிந்துதான் போகிறோம், திரும்பும்போது அந்த எச்சரிக்கை இருப்பதில்லை. மற்ற நாட்டு மக்களைத் தம் மக்களுக்குப் புரியவைப்பது பீஸ் கோரின் மூன்று நோக்கங்களில் ஒன்று. எனக்கு அதுதான் மூன்றிலும் கடினம். எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்பார்கள், இரண்டு நிமிடத்தில் பேச்சு மாறிவிடும். வாய்மொழிப் பதிவுகளில் எண்பது வயதுக்காரர்கள் மணிக்கணக்கில் பேசுவதன் காரணம் இதுவாக இருக்கலாம். அதுவரை யாரும் மூன்றாவது நிமிடம் கேட்கவில்லை.

இரண்டில் எதற்குப் போகலாம் என்றும் இதைப் படிக்கும் சிலர் யோசிக்கலாம். நாட்டின் பெயரால் பேசும் பொறுப்பையும், அதற்காகச் சில சமயம் தன் கருத்தை விழுங்குவதையும் தாங்க முடியுமென்றால் தூதரகப் பணி ஒரு முழு வாழ்நாளுக்குத் தகுந்த வேலை. தன்னார்வத்துக்குப் போவதென்றால் கையில் ஒரு தொழில் இருக்கட்டும், இரண்டு வருடத்துக்குக் குறைவாகப் போக வேண்டாம். எதற்குப் போனாலும் போய்ச் சேர்ந்த முதல் வாரமே ஒன்று செய்யுங்கள்: உங்களுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் என்ன செய்தார், எதை விட்டுப் போனார் என்று அங்கேயே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

நான் கிளம்பும்போது எட்டாவது ஆளுக்காக ஒரு கடிதம் எழுதி வைத்தேன். ஒன்பது பக்கம். பாடத்திட்டம், என் முறைகள், நூலகத்துக்கான யோசனைகள். கணக்கு ஆசிரியையிடம் காட்டினேன். அவர் பேனாவை எடுத்து ஆறு பக்கத்தைக் குறுக்கே அடித்தார். கடைசித் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் மழை எந்த ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வரும், எந்த மூன்று வீடுகளுக்கு முதல் வாரமே போக வேண்டும், எந்தப் பையனுக்குக் காது சரியாகக் கேட்காது என்று எழுதிவிட்டு, மடித்து என் கையில் கொடுத்தார்.